முத்திரை விழுந்த படங்கள்

ஜனவரி 9

மச்சானுக்கு,

ஐந்து வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்தால் கவரைத் திறக்காமல் மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிடுவீர்கள். அதனால்தான் அனுப்புநர் இடத்தில் உங்கள் தங்கையின் பேரை எழுதினேன். மன்னித்துவிட்டு மேலே படியுங்கள். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நாம் போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். இது பாதியில் வைக்கிற பேச்சு இல்லை.

அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. நவம்பரில் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் மயங்கி விழுந்தாள். பிள்ளைகள்தான் தூக்கியிருக்கிறார்கள். இப்போது திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஊசி குத்துவதற்கென்று இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். தொட்டால் உள்ளே ஏதோ ஓடுகிற மாதிரி அதிர்கிறது. நான் இரண்டாம் தடவை தொடவில்லை.

"நாலு மணி நேரம் ஒரே எடத்துல உக்காந்திருக்கேன். என் வகுப்புப் பசங்க பாத்தா நம்பவே மாட்டாங்க" என்று சிரிக்கிறாள். இரவு படுத்தால் மூச்சு வாங்குகிறது. எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

கூடப்பிறந்தவர்கள் யாராவது கொடுத்தால் நல்லது என்று மருத்துவமனையில் சொல்கிறார்கள். கூடப்பிறந்தவர் நீங்கள் ஒருவர்தான். ரத்தப் பிரிவும் ஒன்றுதானாம். என்னுடையது அவளுக்குச் சேராது.

எழுத வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் மொகத்த மொகம் பாக்கறதில்ல. இதுல என் கிட்னியையும் கொண்டு போய் நடுவுல வைக்காதீங்க" என்றாள். அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நமக்குள் இருப்பது நமக்குள் இருக்கட்டும். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

உங்கள் தங்கையின் கணவன்


ஜனவரி 20

மாப்பிள்ளைக்கு,

தபால்காரர் நீட்டும்போதே அது என் தங்கை பொடிசின் கையெழுத்து இல்லை என்று தெரிந்துவிட்டது. அவள் எழுத்து சாயாது. தெரிந்தேதான் திறந்தேன். அதை என் பெருந்தன்மையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'கிட்னி போய்விட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது எங்கேயும் போகாது. சுருங்கி, இருக்கிற இடத்திலேயே இருக்கும். இந்த நோய் ஒரு நாளில் வருவதும் இல்லை. முதலில் கணுக்கால் வீங்கும். பிறகு காலையில் எழுந்ததும் கண்ணுக்குக் கீழே வீங்கும், முகம் உப்பும். கலைக் கல்லூரியில் மனித உடலை வரையச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் நீங்கள். இன்றைக்கும் முகம் வரைந்து பிழைக்கிறீர்கள். ஒரே வீட்டில், எதிர் நாற்காலியில் இருந்த முகம் உப்பிக்கொண்டே போனது உங்கள் கண்ணில் படவில்லையா?

போகட்டும். பொடிசு என் ஒரே தங்கை. பரிசோதனைகளுக்கு ஏற்பாடு செய்கிறேன்.

நமக்குள் இருப்பதைப் பற்றி எழுதுவதில்லை என்று எழுதி, அதைப் பற்றி எழுதிவிட்டீர்கள். ஆகையால் நானும் எழுதலாம். நம் புத்தகத்தின் முதல் பாகம் என் அலமாரியில் நடுத்தட்டில் இருக்கிறது. எழுத்து மட்டும், படமெல்லாம் உங்களிடம். பக்கத்தில் இரண்டாம் பாகத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். இத்தனை வருஷமும் அந்த இடத்தில் வேறு புத்தகம் வைத்ததில்லை. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மருத்துவனும் ஒரு ஓவியனும் சேர்ந்து செய்த புத்தகம். உலகத்தில் முழுசாக எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நம்மிடம் இருப்பது, இரண்டு ஊரில், பாதி பாதியாக.

ஐம்பத்தொன்பது வயதில் ஒருவன் அறுவை மேஜையில் படுக்கப் போகிறான். அதற்கு முன்னால் அந்தப் புத்தகத்தை முழுசாகத் தன் மேஜையில் பார்க்க ஆசைப்படுகிறான். இதை நிபந்தனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பார்த்துவிட்டுத் திருப்பித் தருவேன் என்று நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? பொய் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

டாக்டர்


பிப்ரவரி 2

மச்சான்,

நிபந்தனை இல்லையாம்! நீங்கள் தாடியை வழித்துக்கொள்கிற கத்திகூட இவ்வளவு நைசாக வெட்டாது.

சரி, எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். மூடிப்போன அந்த ஆஸ்பத்திரியின் சாமான்களை ஏலம் விட்டபோது, தண்ணீர் ஒழுகும் அறையில், துருப்பிடித்த கட்டில்களுக்கு அடியில், அந்த இரண்டு பாகங்களையும் வெளியே இழுத்தது என் கை. லத்தீனைப் படித்து அது என்ன என்று சொன்னது உங்கள் வாய். மருத்துவம் உங்களுக்கு, படம் எனக்கு என்று அங்கேயே பிரித்துக்கொண்டோம். அப்போது எனக்குக் கல்யாணம் ஆன புதிது. அவள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, நாம் வருவோம் வருவோம் என்று சாயங்காலம் வரை காத்திருந்தாள்.

அதற்கப்புறம் எத்தனை புத்தகம் சேர்த்தோம். பல் பிடுங்குகிறவனுக்கான புத்தகம், மூலிகைப் படங்கள், பிரசவம் பார்க்கிறவளுக்கான புத்தகம். எதிலாவது சண்டை வந்ததா? உங்கள் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவுக்கு என்று இரவல் கேட்டீர்கள். நம்பிக் கொடுத்தேன். கண்காட்சி முடிந்து திரும்பி வந்தபோது, ஒவ்வொரு படத்திலும் கல்லூரி நூலகத்தின் ஊதா முத்திரை! தோலைத் தன் கையால் உரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பானே அந்த மனிதன், அவன் நெஞ்சின் நடுவில் வட்டமாக ஒன்று. மண்வெட்டியில் சாய்ந்து நிற்கும் எலும்புக்கூட்டின் நெற்றியில் ஒன்று. 'குமாஸ்தா தெரியாமல் குத்திவிட்டான்' என்றீர்கள். கல்லூரி முதல்வர் அறைக்குள் உங்கள் பொறுப்பில் இருந்த புத்தகத்தைக் குமாஸ்தா எப்படித் தொட்டான்?

இப்போது அதையே கேட்கிறீர்கள். அதுவும் எதற்கு ஈடாக!

ஆனால் நீங்கள் பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டதை அவளிடம் சொல்லிவிட்டேன்.  "அண்ணனா? அவரா எழுதினாரு?" என்று கேட்டு, கடிதத்தைக் காட்டச் சொன்னாள். நான் காட்டவில்லை. அன்றிலிருந்து வீட்டில் பாட்டு முணுமுணுக்கிறாள். அடுத்த வருஷம் எந்த வகுப்பு எடுப்பது என்று பேசுகிறாள்.

அறுவை முடிந்ததும் தருகிறேன். வார்த்தை கொடுக்கிறேன்.


பிப்ரவரி 14

மாப்பிள்ளைக்கு,

'முடிந்ததும்' என்கிறீர்கள். முடிந்ததும் உங்கள் வார்த்தை உங்களிடம் இருக்கும், என் உறுப்பு என்னிடம் இருக்காது. உறுப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ள வழி இல்லை. புத்தகத்துக்கு உண்டு.

பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன. கொஞ்சம் ரத்த அழுத்தம் இருக்கிறது. அது பெரிதில்லை. அவளிடம் நான் சம்மதித்துவிட்டேன் என்றே சொல்லுங்கள்.

மனைவியா, காகிதமா என்று யோசிக்க உங்களுக்கு இத்தனை நாள் தேவைப்படுகிறது. அவள் வாரம் மூன்று நாள் ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் இன்னும் யோசிக்கிறீர்கள். இதை நான் அவளிடம் சொல்லப் போவதில்லை. நீங்கள் அனுப்பிவைத்துவிட்டால்.

கூரியரில் வேண்டாம். கையில் கொடுத்து அனுப்புங்கள். ஈரம் படக்கூடாது. மடக்கக்கூடாது. முதுகுத் தையல் தளர்ந்திருந்தால் ஒட்ட முயற்சிக்காதீர்கள். நீங்கள் பசை போடும் லட்சணம் எனக்குத் தெரியும்.

டாக்டர்


மார்ச் 3

மச்சானுக்கு,

அனுப்புகிறேன். சந்தோஷமா?

வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அவளே கொண்டு வருகிறேன் என்று நிற்கிறாள். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடித்து, சனிக்கிழமை இரவு ரயில் ஏறினால் ஞாயிறு உங்களோடு இருந்துவிட்டு, திங்கள் காலை திரும்பி நேராக மருத்துவமனைக்குப் போய்விடலாமாம். கணக்கு டீச்சர் இல்லையா, எல்லாம் போட்டு வைத்திருக்கிறாள். புத்தகம் உங்களுக்கு நான் அன்பாகத் தருவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "ரெண்டு பேருக்கும் புத்தி வந்துடுச்சு, எனக்கு வியாதி வந்ததுதான் காரணம்னா வரட்டும்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை மறுக்க என்னால் முடியவில்லை.

இடது கையால் எதையும் தூக்க விடாதீர்கள். அந்தக் கையில் ரத்த அழுத்தமும் பார்க்கக்கூடாது. உங்களுக்கே தெரிந்திருக்கும். தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும். உப்பு கூடாது என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

புத்தகத்தைப் பருத்தித் துணியில் சுற்றி, அதன் மேல் மெழுகுத் தாளும் சுற்றியிருக்கிறேன்.


மார்ச் 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கைவேலை கிடைத்தது.

நடந்ததை எழுதுகிறேன். நீங்கள் அங்கே இல்லாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம். நேற்றுக் காலை சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, முதல் பாகத்தை எடுத்து வைத்தேன். பொடிசு பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் குனிந்து பார்த்தேன்.  "கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு பாருண்ணா, மூக்கு காகிதத்துல இடிக்குது" என்றாள். நான் லத்தீனில் ஒரு பத்தி படித்து அர்த்தம் சொல்வேன். அவள் அதற்கான படத்தைத் திருப்பிக் காட்டுவாள். இப்படியே வெகு நேரம் போயிற்று. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து பல வருஷமாகிறது. அதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் எதைக் கெடுத்தீர்கள் என்று தெரிய வேண்டும்.

பிறகு வயிறு திறந்த படம் வந்தது. அந்தக் காலத்து மருத்துவர்கள் மிருகங்களை அறுத்துப் பார்த்துவிட்டு மனிதனைப் பற்றி எழுதியவர்கள். அதனால் வலது சிறுநீரகம் இடதைவிட மேலே இருக்கிறது என்று நம்பினார்கள். தப்பு. மனிதனுக்கு வலதுதான் சற்றுக் கீழே. முதல் பாகத்தில் அந்தத் தப்பு அப்படியே அச்சாகியிருக்கிறது. பத்தியைப் படித்து முடித்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். படத்தில் வலது சிறுநீரகம் கீழே இருக்கிறது! எழுத்து ஒன்று சொல்கிறது, படம் வேறு காட்டுகிறது.

முப்பது வருஷமாக மாணவர்களுக்குச் சரியாக வரையச் சொல்லிக்கொடுத்த கை. நகல் எடுக்கும்போது அது தானாகத் திருத்திவிட்டது. இல்லையா?

விரலில் எச்சில் தொட்டு முத்திரையைத் தேய்த்துப் பார்த்தேன். ஊதா நிறம் விரலோடு வந்தது. நான் குத்திய மை அப்படி வராது.

பொடிசு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. "இது உன் வீட்டுக்காரர் வரைஞ்ச போலி. எனக்குப் போலியைக் கொடுத்துட்டு என்கிட்டேருந்து நிஜமான கிட்னியை வாங்கப் பாத்தார். உனக்கு அவர் வச்சிருக்கிற மதிப்பு இவ்வளவுதான்" என்றேன். பேரத்தையும் சொன்னேன். உங்கள் கடிதங்களை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். படித்தாள். தண்ணீர் வேண்டும் என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே என் மனைவியோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்து, ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். 

நீங்கள் செய்த காரியத்துக்குப் பிறகு, நான் படுக்க வேண்டிய மேஜையைப் பற்றிய பேச்சே இனி இல்லை. அதற்குக் காரணம் நீங்கள் என்று அவளுக்கு ஒவ்வொரு தடவை ஊசி குத்தும்போதும் நினைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர்


மார்ச் 14

மச்சான்,

'நான் குத்திய மை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குமாஸ்தா எங்கே போனான், மச்சான்?

அடுப்படியில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாது. அவளே வந்து சொன்னதை எழுதுகிறேன். அவள் அழுதிருக்கிறாள். அண்ணி அவள் தலையைத் தடவிக்கொண்டே, "அவரு கோவத்துல பேசறாரு, விடு. அவரால எப்படிம்மா குடுக்க முடியும்? பத்து வருஷமா வெளியில யார்கிட்டயும் சொல்லாம இன்சுலின் போட்டுக்கறாரு. கிட்னியிலேயே பாதிப்பு வந்தாச்சு, குடுக்கவே கூடாதுன்னு ஜனவரியிலேயே சொல்லிட்டாங்களே. உனக்குச் சொல்லலையா?" என்று கேட்டிருக்கிறார். பாவம், உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு.

ஜனவரியிலேயே! அப்படியானால் பிப்ரவரியில் நீங்கள் எனக்கு எழுதியது என்ன? 'கொஞ்சம் ரத்த அழுத்தம்.' 'சம்மதித்துவிட்டேன் என்றே சொல்லுங்கள்.' பொய் எழுதும் பழக்கம் இல்லாதவர்!

என் நகல்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவை உங்களை ஏமாற்ற வரைந்தவை இல்லை. நீங்கள் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிய பிறகு, என்னால் அசலைப் பார்க்க முடியவில்லை. கண் நேராக அந்த ஊதா வட்டத்துக்குத்தான் போயிற்று. அது இல்லாமல் எப்படி இருந்தது என்று பார்ப்பதற்காக, பழைய புத்தகங்களின் வெற்றுத் தாள்களைக் கிழித்து, ஒவ்வொன்றாக வரைந்தேன். நான்கு வருஷம். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலை அது ஒன்றுதான். உங்களுக்கு அனுப்புவதற்காக, அழிப்பானில் உங்கள் கல்லூரி முத்திரையைச் செதுக்கி, என் சுத்தமான படங்களின் மேல் நானே குத்தினேன். ஒவ்வொன்றாக. 

திங்கள் காலை அவள் வந்தாள். கதவைத் திறந்தேன். தோளில் பையோடு வாசலிலேயே நின்று சொன்னாள். "அவர்கிட்ட இல்லாத கிட்னிக்கு நீங்க இல்லாத புத்தகத்தைக் குடுத்திருக்கீங்க. ரெண்டு பக்கமும் பூஜ்யம். கணக்கு சரியா வந்திருக்கு." கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு விடை சொல்கிற குரல்தான். உள்ளே போய் மருந்துகளையும் உடுப்புகளையும் எடுத்து வைத்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். "டயாலிசிஸுக்கு. இன்னிக்குத் திங்கக்கெழம" என்றாள். அப்புறம் வரவில்லை.

மறுநாள்தான் பீரோவைத் திறந்து பார்த்தேன். அசல் இல்லை. துணி மட்டும் மடித்து வைத்திருந்தது. உங்களிடம்தானே கொடுத்தாள்? உண்மையைச் சொல்லுங்கள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்த வேலையா இது?


மார்ச் 24

மாப்பிள்ளைக்கு,

என்னிடம் இல்லை. இருந்திருந்தால் உங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆமாம், ஜனவரி கடைசியில் முடிவு வந்துவிட்டது. அன்று மாலையே உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். முடியாது என்று எழுதுவது அவ்வளவு சுலபம் இல்லை. அவள் சின்ன வயதில் முள் குத்தினால்கூட என்னிடம்தான் ஓடி வருவாள். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். அந்த வாரம் உங்கள் கடிதம் வந்தது. 'அறுவை முடிந்ததும் தருகிறேன்.' மனைவி செத்துக்கொண்டிருக்கிறாள், இவர் தவணை பேசுகிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. எதுவரை போகிறீர்கள் என்று பார்க்கத் தோன்றியது. பார்த்தேன்.

இன்னொன்று. அவள் பாட்டு முணுமுணுத்ததாகவும், அடுத்த வருஷத்து வகுப்பைப் பற்றிப் பேசியதாகவும் எழுதினீர்கள். அந்த ஒரு மாதச் சந்தோஷம் என் பொய்யால் வந்தது. உங்கள் போலியால் அவளுக்கு என்ன கிடைத்தது?

முத்திரை விஷயம். நான்தான் குத்தினேன். அந்தப் புத்தகம் ஒரு கல்லூரியில் இருக்க வேண்டியது, ஈரம் படிந்த வீட்டில் துணி பீரோவில் இருக்க வேண்டியது இல்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். முதல் கடிதத்தில், 'என்னுடையது அவளுக்குச் சேராது' என்று ஒரே வரியில் கடந்து போனீர்கள். ரத்தப் பிரிவு சேராதவர்களுக்கும் இன்று வழிகள் இருக்கின்றன. அதே சிக்கலில் இருக்கும் வேறு ஜோடியோடு கிட்னியை மாற்றிக்கொள்கிறார்கள். மருத்துவமனையில் கேட்டீர்களா? பரிசோதனை செய்துகொண்டீர்களா? அல்லது கேட்காமலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

பொடிசு என் போனை எடுப்பதில்லை. இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அவள் பள்ளித் தலைமை ஆசிரியை அவளுக்கு நெருக்கம். அங்கே போய்ப் பாருங்கள்.

டாக்டர்


ஏப்ரல் 6

மச்சானுக்கு,

போனேன். தலைமை ஆசிரியை கதவைப் பாதிதான் திறந்தார். உள்ளே அவளுடைய குடை மாட்டியிருந்தது. அவளைப் பார்க்க வேண்டும் என்றேன். "அவ இங்க இல்லன்னு சொல்லச் சொல்லியிருக்கா. அதனால இல்ல" என்றார். நான் குடையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "குடையும் இல்ல" என்று சாத்திவிட்டார்.

பழைய மருத்துவமனைக்கும் இப்போது வருவதில்லையாம். ஊரின் மறுகோடியில் தருமத்துக்கு நடத்துகிற டயாலிசிஸ் நிலையம் ஒன்று இருக்கிறது, அங்கே மாற்றிக்கொண்டாளாம். போகலாமா வேண்டாமா என்று இருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதப் போவதில்லை.


மே 11

மாப்பிள்ளைக்கு,

உங்களுக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். அவசரம்.

என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது அந்தத் தரும நிலையத்தில் மருத்துவராக இருக்கிறாள். நேற்று வேறு ஏதோ கேட்பதற்காகப் போன் செய்தவள், பேச்சோடு பேச்சாக, "சார், நம்ம காலேஜ் முத்திரை போட்ட பழைய படமெல்லாம் எங்க வார்டு சுவத்துல ஒட்டியிருக்கு. நீங்க குடுத்ததா?" என்று கேட்டாள். எதில் ஒட்டியிருக்கிறது என்று கேட்டேன். "டேப்லதான் சார்" என்றாள். 

புத்தகத்தைப் பிரித்துவிட்டாள். தாள் தாளாக!

உடனே போங்கள். டேப்பை இழுத்துப் பிய்க்க வேண்டாம், தாளின் மேல்தோல் கூடவே உரிந்து வரும். வெந்நீர்ப் பையை ஒத்தி, பசை இளகின பிறகு ஓரத்திலிருந்து எடுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். வெயில் படுகிற சுவராக இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. எந்தப் படம் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். யார் வைத்துக்கொள்வது என்பதைப் பிறகு பேசலாம். இந்த ஒரு விஷயத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம்.

பொடிசு எப்படி இருக்கிறாள் என்றும் பார்த்து எழுதுங்கள். கால் வீக்கம், மூச்சு.

டாக்டர்


மே 24

மச்சானுக்கு,

போனேன். வெந்நீர்ப் பையும் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

பழைய கட்டடத்தின் கீழ்த்தளம். நீளமான ஒரே அறை. சாய்வு நாற்காலிகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இயந்திரம். எல்லோர் கையிலிருந்தும் ரத்தம் வெளியே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. எதிர்ச் சுவர் முழுக்க நம் படங்கள். தோலை உரித்துப் பிடித்தவன், மண்வெட்டி எலும்புக்கூடு, நரம்பு மனிதன், கண்ணின் வெட்டுத் தோற்றம், எல்லாம். மேலே இரண்டு துண்டு டேப், கீழே இரண்டு துண்டு. ஈரக்காற்றில் ஓரங்கள் சுருண்டிருக்கின்றன. ஜன்னல் மேற்குப் பக்கம். சாயங்கால வெயில் நேராக விழுகிறது. கண்ணின் படம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. நரம்பு மனிதனின் பாதத்தில் யாரோ பேனாவால் போன் நம்பர் எழுதியிருக்கிறார்கள்.

இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். நான் படத்தைக் காட்டி, இது எங்கிருந்து வந்தது என்றேன். "டீச்சர் குடுத்தாங்க. வெறும் சுவத்தப் பாத்துக்கிட்டு நாலு மணி நேரம் எப்படி உக்கார்றது, ஒட்டுங்கன்னு சொன்னாங்க. நல்லா இருக்குல்ல?" என்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்த லாரி ஓட்டுநர், எலும்புக்கூட்டைக் காட்டி, "இவரு நம்மள விடத் தெம்பா இருக்காரு சார், மண்வெட்டி எல்லாம் புடிக்கறாரு" என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒரு குரல் எனக்குத் தெரிந்த குரல். திரும்பினேன்.

கடைசிக்கு முந்தின நாற்காலி. பாதியாகிவிட்டாள், மச்சான். கணுக்கால் இரண்டும் வீங்கித் தோல் பளபளவென்று இருக்கிறது. முகத்தைப் பற்றி எழுத வேண்டாம். நீங்கள் கேட்டபடி மூச்சையும் பார்த்தேன். பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்துகிறாள்.

பக்கத்தில் போய் நின்றேன். கையில் வெந்நீர்ப் பை. அதைப் பார்த்தாள்.

"யாருக்கு வலி?" என்றாள்.

பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"படத்த எடுக்கவா?"

"இல்ல. உன்னப் பாக்கத்தான் வந்தேன்" என்றேன்.

இடது கை ஊசிகளோடு கட்டிக் கிடந்தது. வலது கையை மடியில் வைத்திருந்தாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க கதவத் தொறந்து உள்ள வந்ததும் உங்களப் பாத்து கையாட்டினேன். வந்துட்டாரேன்னு தோணிச்சு, தானா கை தூக்கிடுச்சு. நீங்க சுவத்த அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடி வரைக்கும் பாத்தீங்க. நான் இன்னொரு தடவ ஆட்டினேன். அந்தப் பொண்ணுகூடப் பாத்துட்டுச் சிரிச்சா." மூச்சு வாங்கினாள். "பாத்துட்டீங்கல்ல? போங்க."

கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் வந்து பார்வை நேரம் முடிந்துவிட்டது என்றாள்.

நான் ஒரு படத்தையும் தொடவில்லை. நீங்கள் போய் எடுப்பதானால் எடுத்துக்கொள்ளுங்கள், இனி எனக்கு அதில் பேச்சு இல்லை. ஆனால் அவள் சொன்னதற்கு அங்கேயே ஒரு மறுப்புச் சொல்லியிருக்கலாம் என்று வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகும் யோசித்தேன்.  இரண்டு தடவை கையாட்டியிருக்கிறாள், மச்சான். நான் பார்க்கவில்லை.